போஸ்ட்கிரெஸ் பேக்கப்: டெர்மினலில் எடுப்பதும் திரும்ப ஏற்றுவதும்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைக் கோப்பாக நகலெடுக்கும் (டம்ப்) கட்டளை பிஜி_டம்ப். அதை வெறுமனே ஓட்டினால் எஸ்கியூஎல் உரை வரும். சின்ன டேட்டாபேஸுக்கு அது போதும். பெரியதென்றால் கஸ்டம் ஃபார்மட்டில் எடுங்கள்: ஹைஃபன், பெரிய எழுத்து எஃப், ஒட்டிச் சின்ன எழுத்து சி. கோப்பு சுருங்கும், வேண்டிய ஒரே டேபிளைக்கூடத் தனியே மீட்கலாம்.

டம்ப்புக்காகச் சர்வரை நிறுத்த வேண்டாம். தொடங்கிய கணத்து நிலைதான் பதிவாகும், மற்றவர்கள் எழுதிக்கொண்டே இருக்கலாம். டேபிள் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளைதான் தொல்லை. டம்ப் முடியும்வரை அது காத்துக் கிடக்கும், அதன் பின்னால் வரும் சாதாரண செலக்ட்களும் வரிசையில் மாட்டும். பார்க்கிறவருக்குத் தளம் தொங்கிவிட்டது போலிருக்கும். அதனால் டேபிள் அமைப்பை மாற்றும் நேரத்தில் டம்ப் ஓடக்கூடாது.

குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் பாஸ்வேர்ட் கேட்க ஆளில்லை. ஹோம் டைரக்டரியில் புள்ளி பிஜிபாஸ் கோப்பில் ஹோஸ்ட், போர்ட் (வழக்கமாக 5432), டேட்டாபேஸ், யூசர், பாஸ்வேர்ட் ஐந்தையும் முக்காற்புள்ளியால் பிரித்து ஒரே வரியில் எழுதுங்கள். அனுமதி 600 (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத) இருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் பிஜி_டம்ப் கோப்பைக் கண்டுகொள்ளாது.

பலர் தவறவிடுவது ரோல்களை, அதாவது யூசர் கணக்குகளை. பிஜி_டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டுமே எடுக்கும், யூசர்கள் அதில் வரமாட்டார்கள். பிஜி_டம்ப்ஆல் கட்டளையை 'குளோபல்ஸ்-ஒன்லி' என்ற ஆப்ஷனோடு சூப்பர்யூசராகத் தனியே ஓட்டுங்கள். புதுச் சர்வரில் இதை முதலில் ஏற்றாவிட்டால் 'ரோல் இல்லை' என்ற பிழைகள் குவியும். இன்னொன்று, சர்வரைவிடப் பழைய பதிப்பு பிஜி_டம்ப் வேலை செய்ய மறுக்கும். சர்வர் மாற்றும்போது புதுப் பதிப்பின் கருவியாலேயே பழையதை எடுங்கள்.

ஏற்றுவதற்கு டெம்ப்ளேட்0 என்ற மூல வார்ப்பைக் கொண்டு காலி டேட்டாபேஸ் உருவாக்கி, கஸ்டம் ஃபார்மட் கோப்பைத் திரும்ப ஏற்றும் பிஜி_ரீஸ்டோரில் ஹைஃபன் ஜே 4 கொடுத்தால் நான்கு வேலைகள் இணையாக ஓடும். பிழை வந்தாலும் அது நிற்காமல் போய், கடைசியில் எத்தனை பிழைகளை விட்டுவிட்டது என்று மட்டும் சொல்லும். 'எக்ஸிட்-ஆன்-எரர்' சேர்த்தால் முதல் பிழையிலேயே நிற்கும். முடிந்ததும், டேபிள்களின் புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டுங்கள். இல்லையென்றால் கியூரிகள் காரணம் புரியாமல் மந்தமாகும்.

பிஜி_ரீஸ்டோரில் ஹைஃபன், சின்ன எழுத்து எல் கொடுத்தால் கோப்பின் உள்ளடக்கப் பட்டியல் வரும். அது ஒழுங்காக வருகிறது என்பதற்காகக் கோப்பை நம்பிவிட வேண்டாம். பட்டியல் கோப்பின் தலைப்பகுதியில்தான் இருக்கிறது, பாதியில் அறுந்த டம்ப்பும் அதைக் காட்டும். தற்காலிக டேட்டாபேஸில் முழுசாக ஏற்றிப் பார்ப்பதுதான் சோதனை.