எம்பிராய்டரி மெஷினின் நூல் ஸ்டாண்டு: சரி செய்யும்போது நடக்கும் தவறுகள்

பல ஊசி எம்பிராய்டரி மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால், பெரும்பாலானவர்களின் கை நேராக நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் குமிழுக்குத்தான் போகும். கொஞ்சம் லூஸ் செய்வார்கள், அறுப்பு நிற்காது. இன்னும் கொஞ்சம் லூஸ் செய்தால் அறுவது குறையும், ஆனால் துணியின் மேல் வளையம் வளையமாக நூல் நிற்கும். அடுத்து அடிநூல் இருக்கும் பாபின் கேஸின் ஸ்க்ரூவைத் திருகுவார்கள். இப்படியே அரை நாள் போய்விடும். நூலோ மேலே, நூல் சுற்றிய கோன் உட்கார்ந்திருக்கும் ஸ்டாண்டில் சிக்கிக்கொண்டிருக்கும்.

டென்ஷனைத் தொடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மெஷினை நிறுத்திவிட்டு நூலை டென்ஷன் தட்டுகளிலிருந்து வெளியே எடுங்கள். ஸ்டாண்டின் மேலே நூல் நுழைந்து போகும் கம்பி வளையத்தைத் தாண்டி வரும் இடத்தில் அதைப் பிடித்து இரண்டு மூன்று மீட்டர் மெதுவாக இழுங்கள். விரலில் இழுவை தெரியவே கூடாது. நூல் கோனைச் சுற்றி வரும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் லேசாகப் பிடித்தால், கோனின் விளிம்பில் கீறல் இருக்கும், அல்லது கோன் சாய்ந்து நிற்கும். எப்போதாவது ஒருமுறை திடீரென்று பிடித்தால், நூல் அடியில் நழுவி விழுந்து சிக்குகிறது என்று பொருள். இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

<b>வளையம் கோனுக்கு நேர் மேலே இல்லாதது</b>

நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். கோனிலிருந்து மேலே போகும் நூல், கோனைச் சுற்றிச் சுற்றித்தான் கழல்கிறது. மேலே இருக்கும் வளையம் கோனின் நடுவுக்கு நேராக இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கழலும். ஒரு பக்கமாக விலகியிருந்தால், ஒரு பாதிச் சுற்றில் நூல் லேசாக வரும், மறு பாதியில் கோனின் நுனியில் உராய்ந்துகொண்டு வரும். சுற்றுக்குச் சுற்று இப்படி இழுவை மாறினால் எந்த டென்ஷன் அமைப்பாலும் அதைச் சமாளிக்க முடியாது.

சரிபார்ப்பது சுலபம். மேல் வளையத்தில் ஒரு நூலை விட்டு, அதன் நுனியில் ஒரு பாபினைக் கட்டித் தொங்கவிடுங்கள். அது கோனைச் செருகி நிறுத்தும் கம்பியான பின்னின் நுனிக்கு நேராக வர வேண்டும். வராவிட்டால் வளையக் கம்பி திரும்பியிருக்கலாம், பின் வளைந்திருக்கலாம், ஸ்டாண்டே சாய்ந்திருக்கலாம். வளைந்த பின்னைக் கையால் நிமிர்த்துவதைவிட மாற்றிவிடுவது நல்லது. ஒருமுறை வளைந்தது மறுபடி வளையும்.

உயரமும் முக்கியம். கோன் அடியிலிருந்து அளந்தால், கோன் உயரத்தைப் போலச் சுமார் இரண்டரை மடங்கு உயரத்தில் வளையம் இருக்க வேண்டும் என்பது தையல் தொழிலில் பழகி வந்த கணக்கு. அதைவிடத் தாழ்வாக இருந்தால் நூல் கோனின் தோளில் உரசிக்கொண்டே போகும். நீட்டி மடக்கும் கம்பி உள்ள ஸ்டாண்டுகளில் இடம் போதவில்லை என்றோ, மூடி வைக்க வசதி என்றோ பாதி உயரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கம்பியை முழுவதும் இழுத்து, பூட்டிக்கொள்ளும் வரை திருப்பித்தான் வேலை செய்ய வேண்டும்.

<b>கோனின் அடியைக் கவனிக்காதது</b>

ரேயானும் பளபளப்பான பாலியஸ்டரும் வழுக்கும் நூல்கள். மெஷின் நின்று நின்று ஓடும்போது சில சுற்றுகள் தானாகக் கழன்று கீழே விழும், கோனுக்கு அடியில் போய்ப் பின்னைச் சுற்றிக்கொள்ளும். அடுத்த இழுப்பில் நூல் அறுந்துவிடும். கோனுக்கு அடியில் ஃபெல்ட்டோ ஸ்பாஞ்சோ வைப்பது இதற்காகத்தான். அது கோன் ஆடாமலும் பிடித்துக்கொள்ளும். தேய்ந்து தட்டையான ஸ்பாஞ்சை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

வலை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லாக் கோன்களுக்கும் இறுக்கமாக வலை மாட்டுவதும் தவறு. வலையும் நூலைப் பிடிக்கும். வழுக்கி விழும் நூலுக்கு மட்டும், கோனின் கீழ்ப்பாதியை மூடும் அளவுக்குத் தளர்வாகப் போட்டால் போதும்.

1000 மீட்டர் சிறிய ஸ்பூல்களில் இன்னொரு தொல்லை உண்டு. நூல் முனையைச் செருகி வைக்கச் சிலவற்றின் அடிப்பகுதி திறந்து மூடும். அதைச் சரியாக அழுத்தி மூடாவிட்டால் அந்த இடுக்கில் நூல் மாட்டும். அப்புறம், 5000 மீட்டர் கோனுக்கான தடித்த பின்னில் சிறிய ஸ்பூலைத் திணிப்பதும், மெல்லிய பின்னில் பெரிய கோனை ஆடவிடுவதும் வேண்டாம். பொருத்தமான அடாப்டர் போடுங்கள். பெரிய கோன்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால், பெரியதும் சிறியதுமாக மாற்றி மாற்றி வையுங்கள்.

<b>நூல் வரும் திசை</b>

குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய கோனில் நூல் மேல்பக்கமாகக் கழல வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக நேராகச் சுற்றிய ஸ்பூல் பக்கவாட்டில் உருண்டு கழல வேண்டும். இரண்டாவது வகையை நிறுத்தி வைத்து மேல்பக்கமாக இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரு முறுக்கு கூடும். சாதாரண நூல் இதை ஓரளவு தாங்கும், ஜரிகை நூல் தாங்காது. முறுக்கேறி, சுருண்டு, ஊசிக் கண்ணில் அடைத்துக்கொண்டு அறுந்துவிடும். ஜரிகை ஸ்பூல் உருண்டு கழலும்படி படுக்கை வாட்டத்தில் ஒரு தாங்கி வைத்து, மெஷின் வேகத்தையும் குறைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

<b>ஸ்டாண்டை இறுக்குவதும் வரிசை மாறுவதும்</b>

நிமிடத்துக்கு 800, 1000 தையல் ஓடும் மெஷினில் ஸ்டாண்டின் ஸ்க்ரூக்கள் மெல்ல மெல்லத் தளரும். அவ்வப்போது இறுக்க வேண்டும், ஆனால் பிளாஸ்டிக் பிடிப்புகளை மூர்க்கமாகத் திருகினால் விரிசல் விடும். ஓடும்போது ஸ்டாண்டு ஆடுகிறது என்றால் மெஷினை நிறுத்திவிட்டு இறுக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் கோனைத் திருப்புவது, நூலை எடுத்துவிடுவது எல்லாம் ஆபத்து. மேலும் கீழும் அசைந்து நூலை இழுக்கும் டேக்கப் லீவரும் ஊசியும் கைக்கு மிகப் பக்கத்தில் இருக்கின்றன.

முதல் பின்னின் நூல் முதல் ஊசிக்குத்தான் போக வேண்டும். அவசரத்தில் ஒரு நூல் பக்கத்து வளையத்தின் வழியாகப் போனால் இரண்டு நூலும் உரசிக்கொள்ளும், ஒன்று இழுக்கும்போது மற்றொன்றும் அசையும். ஊசி எண் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மெஷின் கையேட்டில் பார்த்து, ஸ்டாண்டில் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். ஸ்டாண்டுக்கு நேராக மின்விசிறி காற்று அடித்தாலும் நூல்கள் இப்படி ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும்.

நிறம் மாற்றும்போது பழைய நூலைக் கோன் பக்கமாகப் பின்னோக்கி உருவாதீர்கள். பஞ்சும் பிசிறும் டென்ஷன் தட்டுகளுக்குள் போய்ச் சேரும். கோனுக்குப் பக்கத்தில் வெட்டி, புது நூலை முடிச்சுப் போட்டு, ஊசிப் பக்கமிருந்து இழுங்கள். முடிச்சு ஊசிக் கண்ணுக்கு வருமுன் வெட்டிவிட்டு, கண்ணில் தனியாகக் கோர்த்துக்கொள்ளுங்கள்.

<b>சரி செய்த பிறகு</b>

ஸ்டாண்டைச் சரி செய்துவிட்டு உடனே ஆர்டர் வேலையை ஓட்ட ஆரம்பிப்பதுதான் கடைசித் தவறு. முன்பு இருந்த இழுவைக்கு ஏற்ப டென்ஷனை லூஸ் செய்து வைத்திருப்பீர்கள். இழுவை போன பிறகு அதே அளவு ரொம்பத் தளர்வாக இருக்கும். ஒவ்வொரு ஊசியிலும் நெருக்கி நிரப்பும் சாட்டின் தையலில் ஒரு சிறிய கோடு போட்டுத் துணியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு பாபின் நூலின் வெள்ளை தெரிய வேண்டும். வெள்ளையே தெரியாவிட்டால் மேல் நூலின் குமிழைக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.