பழவேற்காடு போறீங்களா? பொன்னேரி வரை ரயிலில் போங்க

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் இருக்கிறவங்க பழவேற்காட்டுக்கு பைக்கை எடுக்காம, கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் பொன்னேரி போய் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிங்க. பஸ் ஸ்டாண்டு ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கு. ஷேர் ஆட்டோ பாருங்க.

எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, சென்னைத் துறைமுகம் மூணுக்கும் போற கன்டெய்னர் லாரிங்க எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டையும் மணலி ரோட்டையும்தான் அடைச்சுக்கிட்டு நிக்கும். சில நேரம் டிரைவர் கீழே இறங்கி டீ குடிச்சிட்டு வந்தாலும் வண்டி அதே இடத்துலதான். ரயில் இந்த நெரிசலைத் தாண்டி எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் வழியா நேரா கொண்டுபோய் விட்டுடும். பொன்னேரிக்கு அப்புறம் ரோடு எவ்வளவோ தேவலை. செலவும் பெட்ரோல் காசை விடக் கம்மி.

பழவேற்காட்டுல இறங்கும்போதே திரும்பி வர்ற பஸ் எப்போன்னு கண்டக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. இது ரொம்ப முக்கியம்.

விடியற்காலையில பறவை பார்க்கணும், பாலம் தாண்டி கலங்கரை விளக்கம் பக்கம் சுத்தணும், இல்ல ஐஸ் பெட்டியோட நண்டு, இறால் வாங்கணும்னா இது சரிப்படாது. அதுக்கு சொந்த வண்டிதான். லாரி கம்மியா இருக்கிற ஞாயிறு காலையில கிளம்புங்க.