வந்த பணம் உங்களுடையதா? ஆன்லைனில் விற்க வரும் மதுரை வியாபாரிகளுக்கான பேமென்ட் பாடம்

ஆன்லைனில் சுங்குடி விற்கத் தொடங்கும் மாசி வீதிக் கடைக்காரர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த கேட்வேயில் கமிஷன் குறைவு?" என்றுதான் (கேட்வே: உங்கள் தளத்தில் பணம் வாங்க உதவும் சேவை). கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கொஞ்சம் பொறுத்துக் கேட்கலாம். விற்ற பணம் இந்த நிமிடம் யார் கையில் இருக்கிறது? அது திரும்பிப் போனால் நஷ்டம் யார் தலையில் விழும்? இந்த இரண்டும் தெரியாமல் கமிஷனில் கால் சதவீதம் மிச்சம் பிடித்து என்ன பயன்? கீழே வரும் ஒவ்வொரு சொல்லையும் இந்த இரண்டு கேள்விகளோடு படித்தால் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

உதாரணத்துக்கு ஒரு விற்பனை: விலை 1,850 ரூபாய், கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய சுங்குடிச் சேலை. கோவையில் இருக்கும் ஒருவர் உங்கள் தளத்தில் கார்டு மூலம் வாங்குகிறார்.

படி 1: பணம் வரும் வழியை ஒரு தாளில் வரையுங்கள்

இடது ஓரத்தில் வாடிக்கையாளர். அடுத்து அவருக்குக் கார்டு கொடுத்த வங்கி; இதை இஷ்யூயர் என்பார்கள். அதற்கடுத்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க். அப்புறம் உங்கள் சார்பில் பணத்தை வாங்கும் வங்கி, அதாவது அக்வயரர். வலது ஓரத்தில் நீங்கள்.

அக்வயரருக்கும் உங்களுக்கும் நடுவே இன்னொரு கட்டம் போடுங்கள். அது பேமென்ட் அக்ரிகேட்டர். கேட்வே என்பது தகவலைக் கடத்தும் தொழில்நுட்பம் மட்டுமே. பணம் அதன் கையில் தங்காது. அக்ரிகேட்டர் பல வியாபாரிகளின் பணத்தை வாங்கி, வைத்திருந்து, பிரித்துக் கொடுக்கும் நிறுவனம். ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தன. வங்கி அல்லாத அக்ரிகேட்டர் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற வேண்டும், வியாபாரிகளின் பணத்தை எஸ்க்ரோ கணக்கில், அதாவது தன் செலவுக்குத் தொட முடியாத தனி வங்கிக் கணக்கில், வைக்க வேண்டும். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் கேட்வே என்றே சொல்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த நிறுவனத்தின் பெயர் ரிசர்வ் வங்கியின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

படி 2: "சக்சஸ்" என்பதன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கோவைக்காரர் ஓடிபி போட்டதும் திரையில் பச்சை டிக் வருகிறது. இது ஆத்தரைசேஷன். கார்டு கொடுத்த வங்கி, "பணம் இருக்கிறது, ஒதுக்கிவிட்டேன்" என்று சொல்லியிருக்கிறது, அவ்வளவே. அந்தத் தொகையை நீங்கள் உரிமை கோருவது கேப்சர். பெரும்பாலான கேட்வேக்களில் இது தானாக நடக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். அமைக்காமல் விட்டால் சில நாட்களில் பணம் வாடிக்கையாளருக்கே திரும்பிவிடும். நீங்கள் சேலையை அனுப்பியிருப்பீர்கள். கணக்குத் திறந்த அன்றே செட்டிங்ஸில் இதைச் சரிபார்க்கவும்.

கேப்சர் ஆன பணம் உங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேர்வது செட்டில்மென்ட். டி பிளஸ் 2 என்று எழுதியிருந்தால், விற்பனை நாளுக்குப் பிறகு இரண்டு வேலை நாள். தீபாவளிக்கு முந்தைய வாரம் செல்லூர்த் தறிக்காரருக்கும் சாயப் பட்டறைக்கும் ரொக்கம் கொடுக்க வேண்டியவர்கள், நடுவில் வரும் வங்கி விடுமுறையையும் எண்ணிக்கொள்ளுங்கள். புதுக் கணக்கு என்றால் சில நிறுவனங்கள் விற்பனையில் ஒரு பங்கைச் சில மாதங்கள் பிடித்து வைக்கும். அதற்கு ரோலிங் ரிசர்வ் என்று பெயர். ஒப்பந்தத்தில் அந்தச் சொல் இருந்தால் எத்தனை சதவீதம், எத்தனை நாள் என்று எழுத்தில் கேளுங்கள்.

படி 3: ஒரே ஒரு செட்டில்மென்ட்டைக் கையால் கணக்குப் போடுங்கள்

கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,850 ரூபாயில் அது 37 ரூபாய். 2,000 ரூபாய் வரையான கார்டு விற்பனையில் இந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. கைக்கு வருவது 1,813 ரூபாய். அதற்கு மேற்பட்ட விற்பனை என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு; அதுவும் விழுவது கட்டணத்தின் மேல்தான், சேலை விலையின் மேல் இல்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் இதை உள்ளீட்டு வரிக் கழிவாகக் கோரலாம், ஆகவே மாத இன்வாய்ஸை இறக்கி வையுங்கள்.

வியாபாரியிடம் பிடிக்கும் இந்தக் கட்டணத்தை எம்டிஆர் என்பார்கள். வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தும் யுபிஐக்கும், ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் கிடையாது. ஆனால் அக்ரிகேட்டர் தன் சேவைக்கென்று தனிக் கட்டணம் போடுவதுண்டு. அதைக் கட்டண அட்டவணையின் கடைசிப் பக்கத்தில் தேடுங்கள்.

படி 4: யுபிஐயில் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள்

2016இல் வந்த யுபிஐ இன்று பூக்கடை வரை வந்துவிட்டதால், ஏமாற்றுக்காரர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் ஆர்டரில் நடப்பது இப்படி: "பணம் போட்டுவிட்டேன்" என்று ஒரு படம் வரும். உங்கள் கடைப் பெயர், தொகை, நேரம், 12 இலக்கக் குறிப்பு எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். இப்படிப் படம் செய்து தரும் போலிச் செயலிகள் உண்டு. அந்தப் படத்தை உற்றுப் பார்த்து ஆராய வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கின் வரவுப் பட்டியலைத் திறந்து, அதே எண்ணும் அதே தொகையும் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பார்சல் கட்டாதீர்கள். "சர்வர் பிரச்சினை, பிறகு வந்துவிடும்" என்றால் சேலையும் பிறகே போகட்டும்.

சில நேரம் உண்மையிலேயே பிரச்சினை இருக்கும். வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு உறுதிச் செய்தி வராமல் போனால், விற்பனை நாளிலிருந்து 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்திருக்கிறது. பதறும் வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லுங்கள். வராத பணத்தை உங்கள் கையிலிருந்து திருப்பிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, கூடுதலாகப் பணம் அனுப்பும் கதை. "1,850க்குப் பதில் 18,500 போட்டுவிட்டேன் அண்ணே, மீதியை என் தம்பி நம்பருக்கு அனுப்புங்கள்." பெரும்பாலும் பணமே வந்திருக்காது. வந்திருந்தால் இன்னும் ஆபத்து, அது வேறு யாரிடமிருந்தோ திருடிய பணமாக இருக்கலாம். எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே, அதே பரிவர்த்தனையின் மேல்தான் திருப்ப வேண்டும். தம்பி நம்பருக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

பணம் பெறுவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை என்பதைக் கடையில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நபருக்கு நபர் பணம் கேட்கும் கலெக்ட் கோரிக்கை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால், "இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள், பணம் வரும்" என்பவர்கள் இன்னும் ஓயவில்லை.

படி 5: ரீஃபண்டும் சார்ஜ்பேக்கும் ஒன்றில்லை

ரீஃபண்ட் என்றால் பணத்தை நீங்களே திருப்பிக் கொடுக்கிறீர்கள். சார்ஜ்பேக்கில் வாடிக்கையாளர் உங்களைத் தாண்டித் தன் வங்கிக்குப் போய், "இந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடு" என்கிறார். வங்கி கேட்டதும் தொகை உங்கள் செட்டில்மென்ட்டிலிருந்து பிடிக்கப்படும் அல்லது நிறுத்தி வைக்கப்படும். கார்டு நெட்வொர்க்குகளில் பல காரணங்களுக்கு 120 நாள் வரை இப்படிக் கேட்கலாம். அதாவது சித்திரைத் திருவிழாவுக்கு விற்ற சேலைக்கு ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஓலை வரலாம்.

முக்கியமான காரணங்கள் மூன்று வகை. "நான் வாங்கவே இல்லை" என்பது மோசடிப் புகார். "பொருள் வரவில்லை" என்பது டெலிவரிப் புகார். "சொன்ன மாதிரி இல்லை" என்பது தரப் புகார். சுங்குடி விற்பவர்களைப் படுத்துவது மூன்றாவதுதான். முதல் அலசலில் சாயம் கொஞ்சம் இறங்கும். கை முடிச்சு என்பதால் புள்ளிகள் அச்சடித்ததுபோல் ஒரே அளவாக இருக்காது. நமக்கு இது சேலையின் குணம். சென்னையில் முதல் முறை வாங்கும் பெண்ணுக்கு இது குறை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நீங்கள் எழுதி வைக்கவில்லை. பொருள் பக்கத்திலேயே, விலைக்கு அருகில், "முதல் முறை உப்புத் தண்ணீரில் தனியாக அலசவும், சாயம் சற்று இறங்கும், புள்ளிகள் சீராக இருக்காது" என்று போடுங்கள். பக்கத்தின் அடியில் உள்ள நிபந்தனைகளில் ஒளித்து வைத்தால் தகராறில் அது கைகொடுக்காது.

சார்ஜ்பேக் மின்னஞ்சல் வந்தால் பதில் தரச் சில நாட்களே கிடைக்கும். கடைசி நாளைத் தவறவிட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் தோற்பீர்கள். இன்வாய்ஸ், கூரியர் ரசீது, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து அல்லது டெலிவரி ஓடிபி பதிவு, எடை போட்ட படம், வாடிக்கையாளரோடு நடந்த உரையாடல் ஆகியவற்றை ஆர்டர் எண் வாரியாக ஒரே ஃபோல்டரில் வையுங்கள். புகாருக்கு நேராகப் பதில் சொல்லும் சான்றை முதலில் வையுங்கள். "பொருள் வரவில்லை" என்பவருக்குச் சேலையின் தரச் சான்றிதழை அனுப்பிப் பயனில்லை.

இன்னொன்று. சார்ஜ்பேக் வந்த பிறகு மனமிரங்கித் தனியாக ரீஃபண்ட் செய்துவிடாதீர்கள். ஒரே சேலைக்கு இரண்டு முறை பணம் போகும். தவறு உங்களுடையது என்று தெரிந்தால் சார்ஜ்பேக்கையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

மொத்த விற்பனையில் சார்ஜ்பேக்கின் விகிதத்தையும் நெட்வொர்க்குகள் கவனிக்கின்றன. நூற்றுக்கு ஒன்றை நெருங்கினாலே அக்ரிகேட்டர் உங்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கலாம்.

படி 6: ஓடிபி இருந்தால் யாருக்கு நஷ்டம்?

நம் நாட்டுக் கார்டுகளில் ஆன்லைனில் செலுத்த இரண்டாம் சரிபார்ப்பு வேண்டும் என்பது 2009 முதல் உள்ள விதி. ஓடிபி சரியாக நடந்த விற்பனையில் "நான் வாங்கவில்லை" என்ற புகார் வந்தால், பொதுவாக நஷ்டம் கார்டு கொடுத்த வங்கியின் பக்கம் போகும். இதை லயபிலிட்டி ஷிஃப்ட் என்பார்கள். ஆனால் இது மோசடிப் புகாருக்கு மட்டுந்தான். "வரவில்லை", "சொன்ன மாதிரி இல்லை" என்பவற்றுக்கு ஓடிபி உங்களைக் காப்பாற்றாது.

வெளிநாட்டுக் கார்டுகள் பல ஓடிபி இல்லாமலே கடந்துவிடும். அப்போது மோசடி நஷ்டம் உங்களுடையது. சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் விற்க ஆசை இருந்தால் விற்கலாம். வெளிநாட்டுக் கார்டில் ஓடிபி இல்லாத ஆர்டர்களைத் தனியாகப் பார்த்து, கையால் அனுமதிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சந்தேக ஆர்டரை நிறுத்திப் பாருங்கள்

ஒரு கற்பனை ஆர்டர்: வெளிநாட்டுக் கார்டு, ஒரே நிறத்தில் பன்னிரண்டு சேலை, அனுப்ப வேண்டியது டெல்லி முகவரிக்கு, கார்டில் ஒரு பெயர், பார்சலில் வேறு பெயர், "இன்றே அனுப்புங்கள்" என்று மூன்று செய்தி. தனித்தனியாக எதுவும் குற்றமில்லை. வெளிநாட்டில் இருப்பவர் இங்கே உறவினருக்கு வாங்கித் தருவது சாதாரணம். எல்லாம் சேர்ந்து வந்தால் போன் செய்து பேசுங்கள். பேச மறுப்பவருக்குப் பணத்தைத் திருப்பிவிடுங்கள்.

குறைந்த நேரத்தில் ஒரே கருவியிலிருந்து பல கார்டுகள் முயலப்படுவதைக் கண்டுபிடிப்பது வெலாசிட்டி செக். நடு இரவில் 10, 20 ரூபாய் முயற்சிகள் வரிசையாக வந்தால், திருடிய கார்டுகளில் எது வேலை செய்கிறது என்று உங்கள் தளத்தில் சோதிக்கிறார்கள் என்று அர்த்தம். கேட்வேயில் குறைந்தபட்சத் தொகையும் முயற்சி வரம்பும் வைத்துவிட்டால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். கார்டு எண்ணைக் கடை நோட்டில் எழுதி வைப்பது அறவே கூடாது. 2022 அக்டோபர் முதல் வியாபாரிகள் கார்டு எண்ணைச் சேமிக்க அனுமதியில்லை. அதற்குப் பதில்தான் டோக்கன், அதாவது கார்டு எண்ணுக்கு மாற்றாக வரும் குறியீடு.

கேஷ் ஆன் டெலிவரியில் சார்ஜ்பேக் இல்லை, ஆனால் வாங்காமல் திரும்பும் பார்சல் உண்டு. கூரியர்க்காரர் ஆர்டிஓ (ரிட்டர்ன் டு ஆரிஜின், அனுப்பியவருக்கே திரும்புவது) என்று எழுதி இரு வழிக் கட்டணமும் கேட்பார். விலை கூடிய சேலைகளுக்குச் சிறு முன்பணம் வாங்குங்கள்.

படி 8: கணக்கு முடங்கினால்

மோசடியில் பணம் இழந்தவர் 1930 என்ற உதவி எண்ணில் புகார் செய்ததும், அந்தப் பணம் போன கணக்குகள் வரிசையாக நிறுத்தி வைக்கப்படும். திருடியவன் அதில் உங்களிடம் சேலை வாங்கியிருந்தால் உங்கள் கணக்கும் அந்த வரிசையில் வரும். குறிப்பிட்ட தொகையை மட்டும் பிடித்து வைப்பது லியன். கணக்கு முழுவதும் முடங்குவது ஃப்ரீஸ். வங்கிக் கிளையில் போய்ச் சத்தம் போட்டுப் பயனில்லை. உத்தரவு அவர்களுடையது இல்லை. புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இன்வாய்ஸ், டெலிவரிச் சான்று, ஜிஎஸ்டி பதிவு ஆகியவற்றோடு அந்த விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, தகராறான தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மீதியை விடுவிக்கும்படி கேளுங்கள். வங்கிக்கும் நகல் போகட்டும்.

கடை வரவுக்குத் தனியாக ஒரு நடப்புக் கணக்கு இருந்தால், இது நடக்கும் வாரத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாவது தடையில்லாமல் போகும். முதல் ஆர்டர் வரும் முன்பே அதைத் திறந்துவிடுங்கள்.