மால்டாவில் கடலுக்குப் போகும் முன் காற்றைக் கேளுங்கள்

போன சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டு மாடி அறைக்குப் புதிதாகக் குடிவந்த இரண்டு தம்பிகள் துண்டும் பையுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "ஐன் துஃபீஹா பீச்சுக்குப் போறோம் அண்ணா. வெயில் சும்மா அள்ளுது பாருங்க." நான் வெயிலைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக் கொடியில் கிடந்த போர்வையைப் பார்த்தேன். தென்கிழக்கைப் பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தது. "இன்னிக்கு அந்தப் பக்கம் வேண்டாம்பா" என்றேன். கேட்கவில்லை. முதல் வருஷம் நான் மட்டும் கேட்டேனா என்ன?

சன்ஸ்க்ரீன், தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிட்டு, புதிதாக வருபவர்கள் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

வெயிலைப் பார்த்து இடத்தை முடிவு செய்வது

கோடையில் இங்கே அநேகமாக எல்லா நாளும் வெயில்தான். அதை வைத்து முடிவு செய்ய ஒன்றுமில்லை. கடல் எப்படி இருக்கும் என்பது காற்றின் கையில். நம் ஊர்க் கடற்கரையில் வாடை, கொண்டல், கச்சான் என்று வரும் திசையை வைத்துக் காற்றுக்குப் பெயர் சொல்வது போலவே மால்டியர்களும் சொல்கிறார்கள். வடமேற்கிலிருந்து வருவது மய்யிஸ்ட்ரால். அதிகம் வீசுவதும் அதுதான். தென்கிழக்கிலிருந்து வருவது ஷ்லோக். வடகிழக்கிலிருந்து வருவது க்ரிகால். தமிழ் பைபிளில் பவுலின் கப்பல் உடைந்து கரைசேரும் 'மெலித்தா' இந்த மால்டாதான். அந்தக் கப்பலை அலைக்கழித்தது க்ரிகால் என்பார்கள்.

வடமேற்குக் கரையிலிருக்கும் ஐன் துஃபீஹாவுக்குப் பக்கத்திலேயே கோல்டன் பே. அங்கிருந்து வடக்கே நீளும் இயற்கைப் பூங்காவின் பெயரே மய்யிஸ்ட்ரால். 'இங்கே இந்தக் காற்று அடிக்கும்' என்று பெயர்ப்பலகையே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் அந்த முதல் வருஷம் நான் ஐன் துஃபீஹாவில் குடும்பத்தோடு இறங்கினேன்.

ஊரிலிருந்து அக்காவும் மச்சானும் வந்திருந்தார்கள். எலுமிச்சை சாதம் கட்டி, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய், சுமார் 200 படி இறங்கினால் சிவப்புக் கொடி. திரும்பியிருக்க வேண்டும். லீவு போட்டு வந்த வீம்பு எனக்கு. "உள்ளே போக வேண்டாம், கால் மட்டும் நனைப்போம்" என்றேன். கால் நனைக்கும் இடத்துக்கே வந்த ஒரு அலை மச்சானைக் குப்புறத் தள்ளியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பவர் கண்ணாடி போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்பது நாளும் அவர் மால்டாவைக் கலங்கலாகத்தான் பார்த்தார். சாதத்தை வாயில் வைத்தால் நறநறவென்று மணல். அந்த நேரம் பார்த்து, உடன் வேலை செய்பவர் பிர்செபுஜாவிலிருந்து படம் அனுப்புகிறார்: கடல் தாம்பாளம் மாதிரி கிடக்கிறது.

தீவின் நீளமே 27 கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் கொந்தளிக்கும்போது மறுபக்கம் தூங்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நாளை வீணடிப்பவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மய்யிஸ்ட்ரால் அடித்தால் தென்கிழக்கே போங்கள்: பிர்செபுஜாவின் ப்ரிட்டி பே, டெலிமாராவின் செயின்ட் பீட்டர்ஸ் பூல். முதலாவதில் மணல் உண்டு, எதிரே துறைமுகக் கிரேன்கள் நிற்கும். இரண்டாவது பாறையும் ஆழமும், நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டும். ஷ்லோக் அடித்தால்தான் ஐன் துஃபீஹா.

காற்றுத் திசையைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் வரும். செயலி 'வடமேற்கு' என்றால் காற்று அங்கிருந்து வருகிறது என்று பொருள். படத்திலுள்ள அம்புக்குறி பெரும்பாலும் அது போகும் திசையைக் காட்டும். இரண்டையும் கலந்தால் சரியாகத் தப்பான கரைக்குப் போய்ச் சேர்வீர்கள். அப்புறம், நேற்றுப் பலமாக வீசிய காற்று இன்று நின்றிருந்தாலும் அலை உடனே அடங்காது. ஒரு நாளாவது விடுங்கள்.

தம்பிகள் அன்று இரண்டு மணிக்கே திரும்பிவிட்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் பையை உதறினார்கள், அரைப்படி மணல் கொட்டியது.

அமைதியான கடலில் காற்று மெத்தை

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால்தான் அந்தக் குடா அமைதியாக இருக்கிறது. அதே காற்று, படுத்துக் கண்ணயர்ந்தவரை மெத்தையோடு சத்தமில்லாமல் வெளியே இழுத்துக்கொண்டு போகும். மெத்தை போனால் போகட்டும், துரத்தி நீந்தாதீர்கள்.

ஓதம் பார்த்துக் கிளம்புவது

தேவையில்லை. மால்டாவில் கடல்மட்டம் ஒரு சாண் ஏறி இறங்கினாலே பெரிது.

கோமினோவுக்குச் சும்மா படகேறிவிடுவது

2025 முதல் அந்தக் குட்டித்தீவின் ப்ளூ லகூன் குடாவில் இறங்க, நேரம் குறித்து முன்பதிவு செய்திருக்க வேண்டும்.

வெறுங்கால்

பாறைக் குடாக்களில் நீருக்கடியில் ஊமத்தங்காய் மாதிரி கறுப்பு முள்ளுருண்டைகள் ஒட்டியிருக்கும். மிதித்தால் முள் உள்ளேயே ஒடியும். ரப்பர் செருப்பு போதும்.

ஜெல்லிமீன் கொட்டிய இடத்தில் குடிதண்ணீர் ஊற்றுவது

கடல்நீரில்தான் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் மறுபடி வெடித்து எரிச்சல் கூடும். ஊதா நிறக் கொடி ஏறியிருந்தால் கரையிலேயே உட்காருங்கள்.

கடைசிப் பேருந்து

அதற்கு இரண்டு பேருந்து முன்னதாகவே நிறுத்தத்தில் நில்லுங்கள். ஆகஸ்ட் மாலையில் நிரம்பி வரும் வண்டி நிற்காது.