மறதி நோய் வந்த பெரியவரைச் செட்டிநாட்டு வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

அப்பத்தா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். இரும்புப் பெட்டிச் சாவியை மருமகள் எடுத்துக்கொண்டாள் என்கிறார். தன் வீட்டு வளவிலேயே (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) உட்கார்ந்துகொண்டு “வீட்டுக்குப் போகணும்” என்று அழுகிறார். டாக்டர் டிமென்ஷியா என்று எழுதிக் கொடுத்துவிட்டார், அல்லது கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாத்தாவான ஐயாவுக்கோ, அம்மாவைப் பெற்ற ஆயாவுக்கோ வந்தாலும் வேலை இதேதான்.

தொடங்கும் முன் ஒன்று. இந்த நோயில் மிக அதிகம் காணப்படும் வகை அல்சைமர். அதில் புது விஷயத்தைப் பதிய வைக்கும் மூளைப் பகுதிதான் முதலில் பழுதாகிறது. அதனால் அவரைத் திருத்த முடியாது, பழக்கவும் முடியாது. திருத்த வேண்டியது வீட்டையும் நாளையும் நம் பேச்சையும். கீழே வரும் படிகள் எல்லாம் இதிலிருந்து வருபவை.

படி 1: முதலில் டாக்டரிடம்

கண்ணாடியை வைத்த இடம் மறப்பது வயது. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழிப்பது வேறு. காலமெல்லாம் கும்மாயம் என்ற இனிப்பைக் கிண்டிய ஆச்சிக்கு, மாவை வறுத்த பிறகு அடுத்து என்ன என்று கை நின்றுபோகிறது. பால்காரருக்கு ஒரே நாளில் இரண்டு தடவை பணம் போகிறது. கோயிலிலிருந்து திரும்பும்போது பழகிய தெருவில் வழி தவறுகிறது. இப்படி இருந்தால் காட்டிவிட வேண்டும்.

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ உங்கள் வழக்கமான டாக்டரிடமே தொடங்கலாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு இவையெல்லாம் மறதி நோய் மாதிரியே காட்டும், சரிசெய்யவும் முடியும். அதனால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் யாரும் முடிவுக்கு வரக் கூடாது. தலையில் அடிபட்டு, சில வாரம் கழித்து மூளைக்கு வெளியே ரத்தம் கட்டியிருந்தாலும் இப்படி ஆகும்; அதற்குத்தான் ஸ்கேன். அப்புறம் நரம்பியல் டாக்டர் அல்லது மனநல டாக்டர். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இரண்டு பிரிவும் உண்டு. மனநலம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் உறவுக்காரர் ஒருவராவது இருப்பார். விட்டுவிடுங்கள். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. குடும்பத்துக்கு இதில் ஒரு தலைகுனிவும் இல்லை.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், தூக்க மாத்திரை, சளி மாத்திரை உட்பட. சில மாத்திரைகளே குழப்பத்தைக் கூட்டும். இல்லாத மனிதரோ பிராணியோ கண்ணுக்குத் தெரிகிறது என்று அவர் சொல்லியிருந்தால் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். லூயி பாடி என்ற வகையில் அப்படி வரும். அவர்களுக்குச் சில மனநல மாத்திரைகள் கடுமையாக ஒத்துக்கொள்ளாமல் போகும்.

டோனெபெசில், மெமன்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் கைகொடுக்கும். நோயைப் போக்காது. ஞாபக சக்தி டானிக் விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நேற்று வரை ஒரு மாதிரி இருந்தவர் இன்று திடீரென்று ஆளே மாறிப்போனால், பிதற்றினால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், அதை மறதி நோய் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நீர் வற்றல், புது மாத்திரை என்று உடம்பில் ஏதோ நடக்கிறது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

படி 2: கையெழுத்து நிற்கும்போதே காகித வேலை

இதைத் தள்ளிப்போடாதீர்கள். நம் ஊர் வீடுகள் பல பங்காளிகள் கூட்டாக வைத்திருப்பவை, ஒருவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது. பலர் பவர் பத்திரம் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்குப் புரியும் திறன் போய்விட்டால் நம் நாட்டுச் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது. பிறகு நீதிமன்றம் போய்க் காப்பாளர் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். அதனால் நோய் ஆரம்பத்தில் இருக்கும்போதே வக்கீலையும் டாக்டரையும் கலந்துகொண்டு உயில், வங்கியில் இருவரில் யாரும் எடுக்கும்படியான கூட்டுக் கணக்கு, நாமினி, லாக்கர் இவற்றை முடித்துவிடுங்கள். எல்லாம் அவர் சம்மதத்தோடு, உடன்பிறந்தோர் அனைவருக்கும் தெரிந்து நடக்கட்டும். பின்னால் வரும் சண்டைகளில் பாதி இதில் அடங்கிவிடும்.

படி 3: வீட்டைச் சரிசெய்யுங்கள்

நோயாளியைப் பழகிய வீட்டிலேயே வைத்துக்கொள்வது பெரிய பலம். சென்னை அடுக்குமாடிக்கு அவசரமாகக் கூட்டிப்போனால் குழப்பம் கூடுவதுதான் வழக்கம். ஆனால் செட்டிநாட்டு வீடு மறதி நோயாளிக்காகக் கட்டியதல்ல. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். வீட்டுக்காரர்கள் முன்வாசலைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும்போது, அவர் அடுப்படி தாண்டிப் பின்வாசல் வழியாகப் போயிருப்பார். இரண்டு வாசலுக்கும் திறந்தால் சத்தம் வரும்படி மணி கட்டுங்கள். கூடுதல் தாழ்ப்பாளைக் கண் மட்டத்துக்கு மேலே போடுங்கள். ஆனால் அவரை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஒருநாளும் வெளியே போகாதீர்கள், தீப்பிடித்தால் வழியில்லை.

கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மூடுங்கள். ஊருணி பக்கத்தில் இருந்தால் கவனம் இன்னும் வேண்டும்.

உயரமான நிலைப்படிகளைத் தாண்டத்தான் கால் தடுக்கும். படியை எடுக்க முடியாது, யாரும் விடவும் மாட்டார்கள். படியின் விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள் நாடா ஒட்டுங்கள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. வளவிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் விளிம்புக்கும் இதே. ஆத்தங்குடி கல் பதித்த தரை பளபளவென்று இருப்பதால் ஈரம் என்று நினைத்துத் தயங்குவார்கள். பூ வேலைப்பாட்டைத் தரையில் கிடக்கும் பொருள் என்று குனிந்து பொறுக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அவர் நடமாடும் பாதையில் ஒரே நிறத்தில், வழுக்காத, ஓரம் மடங்காத விரிப்பு போட்டால் போதும். சின்ன மிதியடிகளை எடுத்துவிடுங்கள்.

பட்டாலை என்னும் கூடத்தில் மாட்டியிருக்கும் பெரிய கண்ணாடிகளைக் கவனித்தீர்களா? உள்ளே யாரோ நிற்கிறார்கள் என்று அவர் பயந்தால் துணி போட்டு மூடிவிடுங்கள்.

பழைய வீட்டில் கழிப்பறை பின்கட்டின் கடைசியில் இருக்கும். இரவில் அவ்வளவு தூரம் நடக்க விடக் கூடாது. கட்டிலைக் கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் கட்டிலருகே கமோடு நாற்காலி. வழியெல்லாம் விடிய விடியச் சின்ன விளக்கு எரியட்டும். காஸ் ரெகுலேட்டரை இரவில் மூடுவது, பினாயில், பூச்சி மருந்து, மாத்திரை இவற்றைப் பூட்டி வைப்பது உங்களுக்கே தெரியும்.

தொலைந்துபோனால் என்ன செய்வது என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். போன் நம்பர் பொறித்த டாலரோ வளையலோ போட்டுவிடுங்கள். சமீபத்திய போட்டோ ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும். பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்ட், டீக்கடை, கோயில் குருக்கள் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். மறைத்து வைப்பதால் வரும் ஆபத்து இங்கேதான் தெரியும். காணவில்லை என்றால் முதலில் கிணறு, ஊருணி பக்கம் ஆள் அனுப்புங்கள். அப்புறம் அவருடைய பிறந்த வீட்டுப் பாதை. கூடவே 112-க்கும் சொல்லிவிடுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

படி 4: பேசும் முறை

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. மற்றதைக் காசு கொடுத்து ஆளை வைத்துச் செய்துவிடலாம்.

எதிரே வந்து, கண் மட்டத்தில் உட்கார்ந்து, யார் என்று நீங்களே சொல்லுங்கள். “அப்பத்தா, நான் உங்க பேத்தி வந்திருக்கேன்.” வாக்கியம் சின்னதாக, ஒரு நேரத்தில் ஒரே விஷயம். “என்ன சாப்பிடுறீங்க?” என்று திறந்த கேள்வி வேண்டாம். “இடியாப்பமா, இட்லியா?” என்றால் பதில் சுலபம்.

பர்மாவில் கடை வைத்திருந்த அப்பச்சி (அப்பா) இன்னும் கப்பலில் வரவில்லையே என்று 85 வயது ஆச்சி கேட்பார். “அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சே” என்று சொன்னால் அந்தச் சாவு அவருக்கு அப்போதுதான் நடக்கிறது. அழுது முடிப்பார், மறப்பார், மறுபடி கேட்பார், நீங்கள் மறுபடி சொல்வீர்கள். அது வேண்டாம். “அப்பச்சி வரும்போது என்ன கொண்டு வருவாங்க?” என்று கேளுங்கள். தேக்குப் பெட்டியோ பீங்கானோ, கதை வரும், முகம் மாறும். பொய் சொல்கிறோமே என்று சிலர் தயங்குவார்கள். அப்பச்சி நாளைக்கு வருவார் என்று வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் கேட்பதற்குப் பின்னால் இருக்கும் ஏக்கத்துக்குப் பதில் சொன்னால் போதும்.

“வீட்டுக்குப் போகணும்” என்பதும் அப்படித்தான். பெரும்பாலும் பசி, வலி, சிறுநீர் அவசரம், பயம் இதில் ஒன்று. முதலில் அவற்றைப் பாருங்கள். அப்புறம் “வாங்க, போவோம்” என்று கைபிடித்து ஒரு சுற்று நடந்து திரும்புங்கள்.

சாவி திருட்டுப் பழி வந்தே தீரும். அதுவும் கூட இருந்து பார்ப்பவர் மீதுதான் விழும். “நான் எடுக்கலை” என்று சண்டை போடாமல் “அடடா, சேர்ந்து தேடுவோம்” என்று தேடுங்கள். அவர் ஒளித்து வைக்கும் இடங்கள் மூன்று நான்குக்குள் அடங்கும், தலையணை உறை, அரிசிப் பானை என்று. அசல் சாவியை நீங்கள் வைத்துக்கொண்டு, எதற்கும் உதவாத பழைய சாவிகளை ஒரு கொத்தாக்கி அவர் இடுப்பில் செருகக் கொடுத்துவிடுங்கள். கனம் இருந்தால் மனசு அமைதியாகிவிடும்.

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ சிங்கப்பூரிலிருந்து வரும் சொந்தங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: “நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்” என்று பரீட்சை வைக்கக் கூடாது. அப்படிக் கேட்பது அன்பினால்தான், ஆனால் அவருக்கு அவமானம். கூட்டமான விசேஷத்துக்குக் காலை நேரத்தில் ஒரு மணி நேரம் கூட்டிப்போய்த் திரும்பிவிடுங்கள்.

படி 5: நாளுக்கு ஒரு ஒழுங்கு

எழுவது, குளியல், சாப்பாடு, நடை எல்லாம் தினமும் ஒரே நேரம். நேற்று நடந்ததை மறந்தவருக்கும் கை பழகிய வேலை நெடுநாள் நிற்கும். சின்ன வெங்காயம் உரிப்பது, பூ கட்டுவது, கவுனி அரிசியில் கல் பார்ப்பது, ஓலைக் கொட்டான் முடைவது, நடுவீட்டுக் கோலம் எதுவானாலும் சரி. கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும். அவர் பிரித்த பயறை அவர் கண்ணெதிரே மறுபடி பிரிக்காதீர்கள்.

சாயங்காலம் நான்கு ஐந்து மணிக்குமேல் பலருக்குப் படபடப்பு கூடும். களைப்பு, மங்கல் வெளிச்சம், உடம்புக் கடிகாரம் குழம்புவது எல்லாம் காரணம். பொழுது சாயும் முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள், காபியை மத்தியானத்தோடு நிறுத்துங்கள், டிவி சீரியல் சண்டையை அணையுங்கள். காது கேட்கும் கருவியும் மூக்குக் கண்ணாடியும் சரியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பாதிக் குழப்பம் சரியாகக் கேட்காததால், தெரியாததால்.

படி 6: குளியலும் சாப்பாடும்

குளிக்க மறுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம், அரை மணி கழித்து வேறு பெயரில் கேளுங்கள்: “வெந்நீர் போட்டிருக்கேன், கோயிலுக்குப் போகலாம்.” தலையில் நேராகத் தண்ணீர் ஊற்றினால் பயப்படுவார்கள். காலிலிருந்து தொடங்குங்கள், மேலே ஒரு துண்டு போர்த்தியே இருக்கட்டும். தினமும் தலைக்கு ஊற்றியாக வேண்டும் என்பதில்லை.

இலை நிறையப் பத்து வகை வைத்தால் எதை எடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். கலர் தட்டில் ஒன்று ஒன்றாக வையுங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு கண்ணுக்குத் தெரியாது. சாப்பிட்ட கையோடு “எனக்குச் சோறே போடலை” என்பார். காலைச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து இரண்டாவது தடவை கொடுத்தால் வம்பு தீர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தே சாப்பிட வேண்டும், முடித்த பிறகும் அரை மணி சாய விடாதீர்கள். விழுங்கும்போது இருமினால் அல்லது குரல் ஈரமாகக் கொழகொழத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். உணவு நுரையீரலுக்குப் போவது ஆபத்து. சீப்புச் சீடை, முறுக்கு வேண்டாம். பால் பணியாரம் கொடுக்கலாம், சுகர் நோயும் விழுங்கும் சிரமமும் இல்லையென்றால்.

படி 7: உங்களுக்கும் ஆள் வேண்டும்

ஒருவரே இரவும் பகலும் பார்த்தால் சீக்கிரம் அவரும் நோயாளி. வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பிகள் பணம் அனுப்பினால் பங்கு முடிந்தது என்று இருக்கக் கூடாது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது வந்து, பார்த்துக்கொள்பவரை வெளியே அனுப்பிவிட்டு, இரவுக் காவலைத் தாங்களே ஏற்க வேண்டும். கேட்டு வாங்குங்கள், கேட்காமல் வராது.

முதியோருக்கான உதவி எண் 14567. உங்கள் மனசு தாங்காதபோது பேச 14416, அது டெலி மானஸ், இலவசம். பிரஷர், சுகர் மாத்திரைகளுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துவிட்டால் வீட்டுக்கே வரும்.

சம்பளத்துக்கு ஆள் வைத்தால் முதல் நாளே ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: எந்த மாத்திரை எப்போது, எதைக் கேட்டால் என்ன பதில், எதற்குப் பயப்படுவார், எந்தப் பாட்டைப் போட்டால் அடங்குவார், சாவிக்கொத்து எங்கே, யாருக்கு முதலில் போன் செய்வது. ஆள் மாறினாலும் அந்தத் தாள் மாறாமல் இருக்கும்.