சுங்கத்துறை அதிகாரி ஆக வேண்டுமா? இங்கிருந்து தொடங்குங்கள்

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துபவர் சுங்க அதிகாரி அல்ல. அவர் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் குடியேற்றப் பிரிவுக்காரர். எல்லையில் துப்பாக்கியோடு நிற்பவர் பிஎஸ்எஃப் (எல்லைப் பாதுகாப்புப் படை) வீரர். சுங்கத்துறை நிதி அமைச்சகத்தைச் சேர்ந்தது. நாட்டுக்குள் வரும், வெளியே போகும் சரக்கும், அதற்கான வரியும், கடத்தல் தடுப்பும்தான் அதன் வேலை. எல்லையில் துப்பாக்கியோடு நிற்பதுதான் உங்கள் ஆசை என்றால் இந்தப் பாதை வேண்டாம்.

படி 1: வாசலைத் தேர்ந்தெடுங்கள்

யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் ஐஆர்எஸ் (இந்திய வருவாய்ப் பணி) சுங்கம், மறைமுக வரிப் பிரிவில் கிடைத்தால் உதவி ஆணையராகவே நுழையலாம். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு எஸ்எஸ்சி (மத்திய பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் எம்டிஎஸ் தேர்வு வழியாக ஹவல்தார் பணி இருக்கிறது. அதைத் தமிழிலேயே எழுதலாம். பட்டதாரிகளில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது எஸ்எஸ்சி நடத்தும் சிஜிஎல் என்ற பட்டதாரிகளுக்கான தேர்வு; இனி வரும் படிகள் அதைப் பற்றியவை. எந்தப் பட்டமும் போதும், வயது 18 முதல் 30 வரை. ஓபிசி பிரிவினருக்கு 3 ஆண்டும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு.

படி 2: தேர்வு

சிஜிஎல் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதனால் தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை முதல் நாளிலிருந்தே கையில் எடுக்க வேண்டும். முதல் கட்டத்தில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள். ஒவ்வொரு தவறான விடைக்கும் அரை மதிப்பெண் போகும். தரவரிசையைத் தீர்மானிப்பது இரண்டாம் கட்டம்.

படி 3: உடல் தகுதி

இதைப் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பார்க்கச் சுலபமாகத்தான் தெரியும்: ஆண்கள் 1600 மீட்டரை 15 நிமிடத்தில் நடக்க வேண்டும், 8 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் சைக்கிளில் கடக்க வேண்டும். பெண்களுக்கு 1 கிலோமீட்டர் நடை 20 நிமிடம், 3 கிலோமீட்டர் சைக்கிள் 25 நிமிடம். ஆண்களுக்கு உயரம் 157.5 செ.மீ., பெண்களுக்கு 152 செ.மீ.; சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் படிக்கத் தொடங்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வில் இவ்வளவு உழைத்துவிட்டு இங்கே கோட்டை விடுவது பெரிய கொடுமை.

படி 4: பதவி வரிசை

இன்ஸ்பெக்டர் நிலையில் இரண்டு சுங்கப் பதவிகள் உண்டு. பிரிவென்டிவ் ஆபீசர் வெள்ளைச் சீருடையில் விமான நிலையம், துறைமுகம், கடலோரம் என்று நிற்பவர். பயணிகளின் பெட்டியைச் சோதிப்பார், கடத்தல் பொருளைப் பறிமுதல் செய்வார். இரவுப் பணியும் உண்டு. எக்ஸாமினர் இறக்குமதிச் சரக்கைத் திறந்து, பில்லில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா, சொன்ன விலை சரிதானா என்று பார்ப்பவர். இரண்டுக்கும் ஊதியம் ஒன்றே: 7-ஆம் நிலை, அடிப்படை 44,900 ரூபாய்.

எந்தப் பதவி முதலில் வேண்டும் என்ற விருப்ப வரிசையை நீங்கள்தான் தர வேண்டும். நண்பர் போட்டார் என்று அப்படியே வரிசை போடாதீர்கள். ஒருமுறை உறுதிசெய்த விருப்பத்தை அப்புறம் மாற்ற முடியாது. அதற்கு முன் 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் சோதனை, பறிமுதல், கைது பற்றிய பகுதியை, குறிப்பாக 100 முதல் 110 வரையிலான பிரிவுகளை, ஒருமுறை படித்துப் பாருங்கள். பிரிவென்டிவ் ஆபீசரின் அன்றாட வேலை அதில்தான் இருக்கிறது.