கேனான் ஈஓஎஸ் 300: கேமரா தானாக எடுக்கும் முடிவுகளை நம் கைக்குக் கொண்டுவருவது எப்படி

1999-ல் வந்த கேனான் ஈஓஎஸ் 300 ஃபிலிம் கேமரா, அமெரிக்காவில் ரெபெல் 2000 என்றும் ஜப்பானில் கிஸ் மூன்று என்றும் விற்பனையானது. மூன்றும் ஒரே கேமராதான், எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். பெயருக்குப் பின்னால் எழுத்து ஏதாவது ஒட்டியிருந்தால் மட்டும் கவனம் வேண்டும். 300வி, 300எக்ஸ் இரண்டும் பின்னாளில் வந்த ஃபிலிம் கேமராக்கள். 300டி டிஜிட்டல்.

பேட்டரியும் லென்ஸும் இல்லாமல் வெறும் பாடியின் எடை 350 கிராமுக்குள் அடங்கும். கழுத்தில் மாட்டினால் மாட்டியதே தெரியாது. இந்த எடைக்காகவும் எளிமைக்காகவும் கேனான் சில ஸ்விட்சுகளைக் கழித்துவிட்டது. மீட்டரிங் முறையை, அதாவது வெளிச்சத்தை அளக்கும் முறையை, மாற்ற இதில் தனி பட்டன் கிடையாது, ஆட்டோஃபோகஸ் முறையை மாற்றவும் கிடையாது. முறைகளைத் தேர்ந்தெடுக்கும் டயல் எங்கே நிற்கிறது என்று பார்த்து இரண்டையும் கேமராவே முடிவு செய்துகொள்ளும். அது எப்போது எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று தெரிந்தால் இதை வைத்து எந்தப் படமும் எடுக்கலாம். தெரியாவிட்டால், கையில் இருப்பது பிளாஸ்டிக் பொம்மை என்ற எண்ணம்தான் வரும்.

வாங்கும்போது பின்கதவைத் திறந்து ஷட்டர் இதழ்களைப் பாருங்கள். கறுப்பாகத் தார் மாதிரி பிசுக்கு ஒட்டியிருந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் உருகியிருக்கிறது என்று அர்த்தம், அந்த பாடி வேண்டாம். இதழ்களை விரலால் தொட்டுவிடாதீர்கள். டயலை எம்-ல் (எல்லாவற்றையும் நாமே வைக்கும் முறை) வைத்து, ஷட்டர் வேகம் ஒரு நொடி, 1/60, 1/2000 என்று வரிசையாக அழுத்திப் பாருங்கள். சத்தம் வேகத்துக்கு ஏற்ப மாற வேண்டும். ஃபிளாஷ் தூக்கிக்கொள்கிறதா, கதவின் கொக்கி உடையாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டால் போதும்.

பேட்டரி இரண்டு சிஆர்2, ஒவ்வொன்றும் 3 வோல்ட். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். பழசோடு புதுசைக் கலந்தால் புதுசும் சீக்கிரம் தீரும். சிஆர்2 அளவிலேயே 3.7 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரிகள் விற்கிறார்கள். இரண்டு போட்டால் 6 வோல்ட் சர்க்யூட்டில் 7 வோல்ட்டுக்கு மேல் ஏறும், அந்தப் பக்கமே போகாதீர்கள். சாதாரண டபுள்-ஏ செல்லில் ஓட்ட வேண்டுமென்றால் பிபி-200 என்ற பேட்டரி பேக்கைத் தேடி வாங்கலாம். நான்கு செல் பிடிக்கும், கைப்பிடியும் பெரிதாகும்.

ஃபிலிம் போடுவதும், தலைகீழாக ஓடும் ரோலும்

கார்ட்ரிட்ஜை அதன் அறையில் வைத்து, ஃபிலிம் நுனியை எதிர்ப்பக்கம் இருக்கும் ஆரஞ்சுக் குறிவரை இழுங்கள். குறியைத் தாண்டியிருந்தால் மிச்சத்தைக் கார்ட்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். ஃபிலிம் தொளதொளவென்று தூக்கிக்கொண்டு நின்றால் சுற்றாது. கதவை மூடியதும் மோட்டார் முழு ரோலையும் வெளியே இழுத்துச் சுற்றிவிடும். கவுன்டர் 36 என்று காட்டி, ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று குறையும். எடுத்த படம் கார்ட்ரிட்ஜுக்குள் திரும்பிப் போகும்.

இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. பாதி ரோலில் யாராவது கதவைத் திறந்துவிட்டாலும் எடுத்த படங்கள் கார்ட்ரிட்ஜுக்குள் பத்திரமாக இருக்கும். வெளிச்சம் படுவது எடுக்காத பகுதியில்தான். உடனே மூடினால், கடைசியாக எடுத்த ஒன்றிரண்டு போகலாம், அவ்வளவுதான்.

தலைகீழாக ஓடுவதால் வரும் குழப்பங்களும் உண்டு. முதல் படம் ஃபிலிம் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் 36-க்குப் பக்கத்தில் விழும், கடைசிப் படம் 1-க்குப் பக்கத்தில். லேபிலிருந்து ஸ்கேன் பின்னிருந்து முன்னாக வந்தால் அவர்கள் மேல் தப்பில்லை.

பாதியில் எடுத்த ரோலை மறுபடி போடுவதென்றால் மற்ற கேமரா கணக்கு இங்கே செல்லாது. பத்துப் படம் எடுத்த நிலையில் ரோலைத் திரும்பச் சுற்றி வெளியே எடுத்துவிட்டீர்கள், பிறகு நுனியை வெளியே இழுத்து இதே கேமராவில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா மறுபடி ரோலின் உள்முனையிலிருந்து, அதாவது எடுத்த படங்களின் மேலேயே, தொடங்கும். அதனால் லென்ஸை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் நிலை) மாற்றி, மூடியைப் போட்டு, வியூஃபைண்டரையும் கையால் மறைத்துக்கொண்டு, எம் முறையில் 1/2000, மிகச் சிறிய அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) வைத்துப் பன்னிரண்டு முறை அழுத்துங்கள். பத்து எடுத்த படங்களுக்கு, இரண்டு பாதுகாப்புக்கு.

பெரிய சுருளிலிருந்து வெட்டிக் கார்ட்ரிட்ஜில் சுற்றிய ஃபிலிமைப் போடுகிறவர்கள் உள்முனை டேப்பை இரண்டு பக்கமும் அழுத்தி ஒட்ட வேண்டும். மோட்டார் கடைசிவரை இழுக்கும், டேப் பலவீனமாக இருந்தால் ஃபிலிம் அப்படியே கழன்று வந்துவிடும். பிறகு கேமராவை இருட்டறையில்தான் திறக்க முடியும். ஃபிலிமின் ஐஎஸ்ஓ-வை (ஒளி உணர்திறன் எண்) கேமராவுக்குச் சொல்லும் டிஎக்ஸ் கோடு இல்லாத கார்ட்ரிட்ஜ் என்றால் அதை நீங்களே வைக்க வேண்டும், 6 முதல் 6400 வரை வைக்கலாம். கோடு உள்ள ரோலில் 25 முதல் 5000 வரை தானாகப் படித்துக்கொள்ளும். கடைசிப் படம் முடிந்ததும் சின்னத் திரையில் கார்ட்ரிட்ஜ் படம் மினுக்கும். அது மினுக்காதவரை கதவில் கை வைக்காதீர்கள்.

ஃபோகஸ்

பி (இரண்டையும் கேமரா வைக்கும்), டிவி (ஷட்டர் வேகம் நம் கையில்), ஏவி (அப்பர்ச்சர் நம் கையில்), எம் என்ற நான்கு முறைகளிலும் ஆட்டோஃபோகஸ் “ஏஐ ஃபோகஸ்” என்ற கலப்பு முறையில்தான் வேலை செய்யும். பாதி அழுத்தினால் ஒரு முறை ஃபோகஸ் செய்து நிற்கும். எதிரே இருப்பது நகர்கிறது என்று தோன்றினால் தானாகப் பின்தொடர ஆரம்பிக்கும். ஓடுகிற குழந்தையையோ நாயையோ எடுக்கும்போது இந்த யோசனை நேரமே படத்தைக் கெடுத்துவிடும். அப்போது ஓடும் மனிதர் படம் போட்ட ஸ்போர்ட்ஸ் முறைக்குப் போங்கள், அங்கே முதலிலிருந்தே பின்தொடரும். அதற்குப் பதிலாக ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் இரண்டும் உங்கள் கையில் இருக்காது.

ஃபோகஸ் புள்ளிகள் ஏழு. நடுப்புள்ளி மட்டும்தான் நெடுக்குக் கோடு, குறுக்குக் கோடு இரண்டையும் பிடிக்கும். ஏழையும் கேமராவிடம் விட்டால் பக்கத்தில் எது இருக்கிறதோ, கிளையோ கம்பியோ, அதைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். நடுப்புள்ளியை மட்டும் வைத்து, கண்ணில் ஃபோகஸ் செய்து, பாதி அழுத்தலை விடாமல் படத்தை அமைத்துக்கொள்வதுதான் நம்பகமான வழி.

“அழுத்துகிறேன், க்ளிக் ஆகவில்லை” என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: ஃபோகஸ் கிடைக்காமல் ஷட்டர் விழாது, வியூஃபைண்டரில் பச்சைப் புள்ளி மினுக்கிக்கொண்டே இருக்கும். 50 மிமீ எஃப் 1.8 இரண்டாம் பதிப்பு லென்ஸ் 45 செ.மீ-க்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது, ஒரு அடி பின்னால் போய்ப் பாருங்கள். வெறும் சுவர், வெளுத்த வானம், மங்கிய அறை போன்ற இடங்களில் அதே தூரத்தில் இருக்கும் ஓர் ஓரத்தைப் பிடியுங்கள்.

மீட்டர்

ஏவி-யில் ஒரு காட்சியை அளந்துவிட்டு, அதையே எம்-க்கு மாற்றி அளந்தால் கணக்கு வேறாக வரும். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பி, டிவி, ஏவி-யில் காட்சியை 35 கட்டங்களாகப் பிரித்து, ஃபோகஸ் புள்ளி இருக்கும் இடத்துக்கு முக்கியத்துவம் கொடுத்து அளக்கும். எம்-ல் நடுப்பகுதிக்கு எடை கொடுக்கும் பழைய சராசரி முறைக்குத் தானாக மாறிவிடும்.

மூன்றாவது முறையும் உண்டு, நட்சத்திரக் குறி பட்டனில் ஒளிந்திருக்கிறது. அதை அழுத்தினால் நடுவில் இருக்கும் 9.5 சதவீதப் பகுதியை மட்டும் அளந்து, அந்த அளவைப் பூட்டிக்கொள்ளும். ஜன்னலுக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார் என்றால் முகத்தை நடுவில் வைத்து நட்சத்திரத்தை அழுத்துங்கள், வியூஃபைண்டரில் நட்சத்திரம் தெரியும், பிறகு படத்தை அமைத்து எடுங்கள். இந்த ஒரு பட்டனைப் பழகிவிட்டால் மீட்டரிங் ஸ்விட்ச் இல்லாத குறை தெரியாது.

ஏவி +/- பட்டனைப் பிடித்துக்கொண்டு ஷட்டர் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன டயலைச் சுற்றினால் வெளிச்சத்தை அரை அரை ஸ்டாப்பாக இரண்டு ஸ்டாப்வரை கூட்டலாம், குறைக்கலாம் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு அல்லது பாதி). வெள்ளைச் சுவர், கடற்கரை மணல் என்றால் ஒன்று முதல் ஒன்றரை கூட்டுங்கள். திரும்ப பூஜ்யத்துக்கு வைக்க மறந்தால் மிச்ச ரோல் முழுக்க அப்படியே போகும். எம்-ல் அதே பட்டன் அப்பர்ச்சரை மாற்றும்.

ஷட்டரின் உச்சம் 1/2000 என்பதை வெயிலில் நினைவில் வையுங்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டிருந்தால் அப்பர்ச்சரைச் சுமார் எஃப் 7.1-ஐவிட அகலமாகத் திறக்க இடமில்லை, 2000 என்ற எண் மினுக்கி எச்சரிக்கும். நெகட்டிவ் ஒரு ஸ்டாப் அதிகத்தைத் தாங்கும், ஸ்லைடு தாங்காது. அகலத் திறந்து பின்னணி கலங்கிய படம் எடுக்க வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 100 போட்டு நிழலுக்குப் போங்கள்.

ஃபிளாஷும் லென்ஸும்

உள்ளே இருக்கும் ஃபிளாஷின் வழிகாட்டி எண் 12. இதை எஃப் எண்ணால் வகுத்தால் ஐஎஸ்ஓ 100-ல் ஃபிளாஷ் எட்டும் தூரம் கிடைக்கும். எஃப் 3.5-ல் ஐஎஸ்ஓ 100-க்குச் சுமார் 3.4 மீட்டர், 400-க்கு அதைப்போல் இருமடங்கு. கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து அடிப்பதில் பயனில்லை. ஃபிளாஷோடு உச்ச வேகம் 1/90. ஏவி முறையில் ஃபிளாஷ் போட்டால் கேமரா பின்னணிக்காக ஷட்டரை நீட்டிவிடும், கை ஆடினால் படமும் ஆடும். அங்கே பி முறை பாதுகாப்பு.

சிவப்புப் புள்ளி உள்ள கேனானின் எல்லா இஎஃப் லென்சும் மாட்டும். வெள்ளைச் சதுரம் போட்ட இஎஃப்-எஸ் லென்ஸ் டிஜிட்டலுக்கானது, இதில் பொருந்தாது, அழுத்தித் திணிக்காதீர்கள். அப்பர்ச்சர் இடத்தில் 00 என்று வந்தால் லென்ஸுக்கும் பாடிக்கும் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. லென்ஸைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் தங்க நிறப் புள்ளிகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, க்ளிக் என்று விழும்வரை திருகி மாட்டுங்கள்.

வியூஃபைண்டர் காட்டுவது படத்தின் 90 சதவீதம்தான். ஓரத்தில் நீங்கள் பார்க்காத ஒரு கம்பம் நெகட்டிவில் இருக்கும், பிரிண்ட் போடும்போது வெட்டிக்கொள்ளலாம். தேதி அச்சிடும் பின்கதவு உள்ள மாடலாக இருந்தால், முதல் படத்துக்கு முன்பே அதன் மோடு பட்டனை அழுத்தி வெறும் கோடுகள் வரும்வரை கொண்டுபோய்விடுங்கள். நெகட்டிவில் விழுந்த ஆரஞ்சுத் தேதி பிறகு போகாது.